பழைய செவ்ரோலெட் பிக்கப்பில் எஞ்சின் கணினியை மாற்றும் முறை: தொடக்க நிலையினருக்கு

ஜெனரல் மோட்டார்ஸ் 1988 மாடல் ஆண்டில் புதிய தலைமுறையாக அறிமுகப்படுத்திய செவ்ரோலெட் சி/கே, ஜிஎம்சி சியரா பிக்கப்புகள் அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் 4.3, 5.0, 5.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களில், முன்பு கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள் கொண்ட த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாய்) இருக்கும். எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், பொறி எப்போது பாய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் எஞ்சின் கணினி, அதாவது ஈசிஎம் என்ற அலுமினியப் பெட்டி. இந்த விளக்கம் 1227747 என்ற எண்ணுள்ள ஈசிஎம் பொருத்தப்பட்ட வண்டிகளுக்கானது. 4எல்60-ஈ, 4எல்80-ஈ போன்ற எலக்ட்ரானிக் கியர் பெட்டிகள் உள்ள வண்டிகளில் கியரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வேறு கணினி இருப்பதால், எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறிய சாக்கெட் செட், ஒரு பேப்பர் கிளிப், கம்பித் தூரிகை, கைவிளக்கு ஆகியவை போதும்.

கெட்டது கணினிதானா?

இந்த வண்டிகளில் ஈசிஎம் கெடுவது குறைவு. அதன் மேல் பழி விழுவதோ அடிக்கடி. எஞ்சின் சூடானதும் நின்று, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பாகம்) இருக்கும் இக்னிஷன் மாட்யூலையும், அதற்குத் துடிப்பு தரும் பிக்கப் காயிலையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே பெட்டியைக் கழற்றுவதற்கு முன், வண்டி தானாகச் சொல்வதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் அடியில் 12 துளைகள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருப்பது ஏ, அதற்கு இடப்புறம் அடுத்திருப்பது பி. சாவி அணைந்திருக்கும்போது இந்த இரண்டையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். மீட்டர் பலகையில் உள்ள ‘சர்வீஸ் எஞ்சின் சூன்’ விளக்கு ஒரு முறை மின்னி, சற்று நின்று, அடுத்தடுத்து இரண்டு முறை மின்னும். இதுதான் கோடு (பிழைக் குறியீட்டு எண்) 12. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரவில்லை என்பது இதன் பொருள். எஞ்சின் ஓடாதபோது இது இயல்பானதே, கணினியின் சுயபரிசோதனை வேலை செய்கிறது என்பதற்கும் இதுவே அடையாளம். கோடு 12 மூன்று முறை வந்த பிறகு, நினைவில் பதிந்துள்ள பிற கோடுகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை வரும். அவற்றுள் நமக்கு முக்கியமானவை மூன்று: 51 என்றால் உங்கள் வண்டிக்கான கணக்குகளைத் தாங்கும் ப்ராம் என்ற நினைவகச் சிப்பில் கோளாறு, 52 என்றால் கால்பேக் எனப்படும் துணைச் சிப் இல்லை அல்லது சரியாகப் பொருந்தவில்லை, 55 என்றால் ஈசிஎம்மே கெட்டிருக்கிறது.

சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு எரியவே இல்லையென்றால், கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல்பு போயிருக்கலாம், கணினிக்கு மின்சாரமோ எர்த்தோ போகாமலும் இருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில் ‘ஈசிஎம்-பி’, ‘ஈசிஎம்-ஐ’ என்று குறிக்கப்பட்ட இரண்டு ஃபியூஸ்களைச் சோதியுங்கள். முன்னது பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெறுவது, பின்னது சாவி ஆனில் இருக்கும்போது மட்டும். அடுத்து எஞ்சினின் முன்புறம் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டில் மாட்டியிருக்கும் எர்த் வயர்களைப் பாருங்கள். கூலன்ட் கசிந்து கசிந்து அந்த வளையங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது இந்த எஞ்சின்களில் சகஜம். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை அந்த எர்த் வளையத்திலும் வைத்து அளந்தால், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கழற்றி, தூரிகையால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். கணினிக்குச் செலவழிக்க நினைத்த பணம் பல வேளைகளில் இந்த இடத்திலேயே மிச்சமாகிவிடும்.

எர்த்தும் ஃபியூஸும் சரியாக இருந்தால், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, சாம்பல் நிற வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். ஈசிஎம் சென்சார்களுக்குப் பொதுவாகத் தரும் சுமார் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால், எஞ்சினின் உள்காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கனெக்டரையும் கழற்றுங்கள். அந்த நொடியில் 5 வோல்ட் திரும்பி வந்தால், உள்ளே ஷார்ட்டான மேப் சென்சார்தான் மொத்த இணைப்பையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. சென்சார்கள் கழன்ற பிறகும், மின்சாரமும் எர்த்தும் நன்றாக இருந்தும், வயரில் அறுந்ததும் ஷார்ட்டானதும் எதுவுமில்லாமல் 5 வோல்ட் வராவிட்டால், அப்போதுதான் சந்தேகம் நியாயமாகப் பெட்டியின் மேல் விழுகிறது.

பழையதைக் கொன்றது புதியதையும் கொல்லும்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிற படி இது. ஈஜிஆர் சொலினாய்டு (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பின் மின்காந்த வால்வு), ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் டார்க் கன்வெர்டர் கிளட்ச் சொலினாய்டு, பெட்ரோல் பம்ப் ரிலே, ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐஏசி மோட்டார் ஆகியவற்றை ஈசிஎம் தன் உள்ளிருக்கும் சிறு டிரைவர்கள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுற்றுகள்) வழியாக இயக்குகிறது. இவற்றுள் ஒன்றின் காயில் உள்ளே ஷார்ட்டானால், அளவுக்கு மீறிய மின்சாரம் அந்த டிரைவரைக் கருக்கிவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். கடைக்காரர் மீதும் மறுசீரமைப்பு செய்தவர் மீதும் கோபப்படுவதுதான் மிச்சம். ஆகவே சாவியை அணைத்து, ஒவ்வொன்றின் கனெக்டரையும் கழற்றி, காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். 20 ஓமுக்குக் கீழே காட்டும் எதையும் முதலில் மாற்றிவிடுங்கள். த்ராட்டில் பாடியின் இன்ஜெக்டர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றின் அளவு இயல்பாகவே இரண்டு ஓமுக்குள்தான் இருக்கும்.

மாற்றுப் பெட்டி வாங்குதல்

மறுசீரமைக்கப்பட்ட 1227747 ஈசிஎம் உதிரிபாகக் கடைகளிலும், பழைய வண்டிகளைப் பிரிக்கும் யார்டுகளிலும் கிடைக்கும். கடையில் வாங்குவது பொதுவாக ப்ராம் இல்லாமலே வரும்; அது குறையல்ல, அப்படித்தான் விற்கிறார்கள். பெட்டி பல வண்டிகளுக்குப் பொது. உங்கள் எஞ்சினின் அளவு, கியர் பெட்டி, பின் ஆக்சில் விகிதம் ஆகியவற்றுக்கேற்ற பெட்ரோல், டைமிங் கணக்குகள் எல்லாம் ப்ராம் சிப்பில்தான் இருக்கின்றன. யார்டில் எடுத்த பெட்டிக்குள் வேறொரு வண்டியின் சிப் இருக்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டு உங்கள் சிப்பைத்தான் போட வேண்டும். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் கடை ஒரு தொகையைத் திருப்பித் தரும்; அந்த அவசரத்தில் சிப்போடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கழற்றுதல்

சாவி அணைந்த நிலையில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது ஈசிஎம்மின் இணைப்பைத் தொடுவது நல்ல பெட்டியையும் கெடுத்துவிடும். பயணி பக்கத்தில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஈசிஎம் தெரியும். அதைத் தாங்கும் பிடிப்பிலிருந்து விடுவித்து மெல்ல வெளியே இழுங்கள். அதில் 24 பின், 32 பின் என இரண்டு பெரிய கனெக்டர்கள் இருக்கும். பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. கனெக்டருக்குள் விளக்கடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பின் பின்வாங்கியிருந்தாலோ, பச்சை பிடித்திருந்தாலோ, நீங்கள் தேடிவந்த கோளாறே அதுவாக இருக்கலாம்.

சிப்பை மாற்றுதல்

இந்த வேலை முழுவதிலும் நிதானம் வேண்டிய இடம் இதுதான். கார்ப்பெட் இல்லாத அறையில், மேசையில் உட்கார்ந்து, பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய பெட்டியின் சிறிய மூடியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ப்ராமும், அருகில் கால்பேக்கும் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டத்தின் வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு சட்டத்தின் ஒரு முனையைச் சற்றே தூக்கி, அடுத்து மறுமுனையைத் தூக்கி, இப்படி மாறி மாறி அசைத்து நேராக மேலே எடுங்கள். சிப்பின் உலோகக் கால்களை விரலால் தொட வேண்டாம். புதுப் பெட்டியில் கால்பேக் இல்லாவிட்டால் அதையும் இதேபோல் எடுத்து மாற்றுங்கள்.

புதுப் பெட்டியின் சாக்கெட்டில் அதே திசையில் வைத்து, எல்லாக் கால்களும் துளைகளுக்கு நேராக நிற்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்த பிறகு, சட்டத்தின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி அழுத்தி முழுவதுமாக உட்கார வையுங்கள். சிப்பைத் திருப்பி மாட்டிவிட்டுச் சாவியைப் போட்டால் சிப் அழிந்துவிடும்; அது திரும்ப வராது. 30 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வண்டிக்கு அதே குறியீடு கொண்ட இன்னொரு சிப்பைத் தேடி அலைவது, கணினியை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. சந்தேகம் துளியாவது இருந்தால் படத்தோடு மறுபடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிச் சோதித்தல்

இரண்டு கனெக்டர்களையும் ‘கிளிக்’ என்று பூட்டும் வரை தள்ளி, பெட்டியைப் பிடிப்பில் மாட்டி, கடைசியாகப் பேட்டரி கேபிளை இணையுங்கள். க்ளவ் பாக்ஸை இப்போதே மூட வேண்டாம். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ஏ, பி துளைகளை மறுபடி இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். கோடு 12 மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் எல்லாம் சரி. கோடு 51 வந்தாலோ, விளக்கு மின்னாமல் தொடர்ந்து எரிந்தாலோ, ப்ராம் முழுதாக உட்காரவில்லை அல்லது ஒரு கால் மடங்கியிருக்கிறது. 52 வந்தால் கால்பேக்கைப் பாருங்கள். உடனே சாவியை அணைத்து, பேட்டரியையும் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். மடங்கிய காலை மெல்லிய இடுக்கியால் ஒரே மூச்சில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக வளைத்தால் முறிந்துவிடும்.

கிளிப்பை எடுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். பேட்டரி கழன்றிருந்ததால் கணினி கற்று வைத்திருந்த சிறு திருத்தங்கள் அழிந்திருக்கும். முதலில் ஐடில் சற்று ஏறி இறங்குவது அதனால்தான். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிய பிறகு அது தானாகச் சீராகும். திரும்பி வந்ததும் கோடுகளை மறுபடி படியுங்கள். புதிதாக எதுவும் பதியவில்லையென்றால் க்ளவ் பாக்ஸை மாட்டிவிடலாம். பழைய பெட்டியை மட்டும், கடை தரும் கெடு முடியும் வரை திருப்பிக் கொடுக்காமல் வைத்திருங்கள். பழைய கோளாறு அதே விதமாகத் திரும்பினால், கெட்டது பெட்டியல்ல என்று தெரிந்துவிடும். சிப்பைப் பழைய பெட்டிக்கே மாற்றிவிட்டு, வயர்களிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் தேடலைத் தொடரலாம்.