பிள்ளை முதலில் உங்களிடம் வந்து சொன்னால்

இது தாய் தகப்பனுக்கு எழுதுவதல்ல. சின்னம்மா, மாமா, மூத்த மச்சாள் என்று குடும்பத்தின் நடுவில் இருக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பிள்ளை வீட்டில் வாய் திறக்கும்போது பெரும்பாலும் நேரே அம்மாவிடம் போவதில்லை. அடிக்கவும் மாட்டார், ஒப்பாரி வைக்கவும் மாட்டார் என்று நம்பக்கூடிய ஒருவரைத்தான் தேடும். எங்கள் வீட்டில் அது நான். அக்காவின் மகன் என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கும் என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசி அறிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன். நாங்கள் இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிக்குடிப் பக்கம். காலையில் சந்தையில் கேட்ட கதை மத்தியானத்துக்குள் கல்முனைக்குப் போய்விடும் ஊர். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் கால் மணித்தியாலம்

பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். "உண்மையாவா?", "ஆர் உன்னக் கெடுத்த?", "கண்ட கண்ட வீடியோ பாக்கிறியா?" என்று வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். உங்களிடம் வருவதற்கு முன் அந்தப் பிள்ளை தன்னைத்தானே வருடக்கணக்காகக் கேட்டு அழுத கேள்விகள் அவை. நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ என்னட்டச் சொன்னது எனக்குச் சந்தோசம். நீ சொல்லு எண்டு சொல்லும்வரைக்கும் இது ஆரிட்டயும் போகாது." பிறகு எழும்பித் தேத்தண்ணி போட்டேன்.

அப்புறம் கேட்டு அறிய வேண்டியவை சில உண்டு. இது வேறு யாருக்குத் தெரியும்? யாராவது மிரட்டுகிறார்களா? நான் ஏதும் செய்ய வேண்டுமா, கேட்டுக்கொண்டால் மட்டும் போதுமா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு ஆளுக்குத் தெரிந்தாலே போதும். தாய்க்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. உங்கள் நெஞ்சுக்குப் பாரமாக இருக்கிறது என்பதற்காக அதைக் கொண்டுபோய் அக்காவிடம் இறக்கக் கூடாது.

"இருக்கவே விருப்பமில்ல" என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அன்றிரவு தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். போவது அந்தத் துயரத்துக்கு மருந்து தேடி, பிள்ளையை மாற்றுவதற்கல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இலேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கழிப்புக் கழிக்கிறோம், நூல் கட்டுகிறோம் என்று யாராவது கிளம்பினால் குறுக்கே நின்று தடுக்க வேண்டியது நீங்கள்தான். அந்த இடத்தில் மட்டும் மரியாதை பார்க்காதீர்கள்.

யாருக்கு என்ன பயம்

வயது போனவர்களுக்குச் சொல்லக் கூடாது, இளசுகளுக்குப் புரியும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒவ்வொரு வயதுக்காரருக்கும் இந்தச் செய்தி வேறு வேறு பயத்தைக் கிளப்புகிறது. அந்தப் பயம் என்னவென்று கண்டுபிடிக்காமல் அறிவுரை சொல்லத் தொடங்கினால் ஒன்றும் நடக்காது.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் அவனே தன் வாயால் சொன்னான், நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மறுகா என்னைப் பார்த்து, "அப்ப வயசு போன காலத்தில இவனுக்கு ஆருகா சோறாக்கிக் குடுக்கிற?" என்று கேட்டார். ஊர், மானம், பாவம் ஒன்றும் வரவில்லை. அவருடைய காலத்திலும் கல்யாணம் கட்டாமல் கூட்டாளியோடு சேர்ந்து வயல் செய்து, சேர்ந்தே இருந்து போய்ச்சேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஊர் அவர்களுக்குப் பெயரும் வைக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் திறக்காத மட்டும்தான் அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது, அது ஒரு கொடுமைதான். ஆனாலும் அம்மாவின் வயதுக்காரரிடம் பேசும்போது இந்த ஞாபகம் உதவும். விளக்கம் வேண்டாம், சட்டம் வேண்டாம். "அவன் தனிய இருக்க மாட்டான். அவனுக்கு ஒரு ஆள் இருக்கு, நாங்களும் இருக்கம்" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

பெரிய மலை அக்கா, அத்தானின் தலைமுறை. இவர்கள் சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் சுற்றிவளைப்பு, இன்னொரு பக்கம் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பு. கழுத்தில் தாலி இருந்தால் பிள்ளையை விட்டுவிடுவார்கள், மனைவி பிள்ளையோடு போகிறவனைச் சென்றியில் (சோதனைச் சாவடியில்) அதிகம் மறிக்க மாட்டார்கள் என்று நம்பி எத்தனை வீடுகளில் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள்! அக்காவின் கல்யாணமும் அப்படி ஒன்றுதான். அவர்களுக்குக் கல்யாணம் என்றால் பிள்ளை உயிரோடு இருக்கும் என்ற உத்தரவாதம். அப்படிப்பட்ட தாயிடம் மகன் வந்து "எனக்குப் பொம்புளப் பிள்ளையைக் கட்ட ஏலாது" என்று சொன்னால், உள்ளே கிளம்புவது அந்தப் பழைய பயம். வெளியே வருவது மட்டும் கோபமாக இருக்கும்.

அதனால் அக்காவிடம் "காலம் மாறிட்டுது" என்று தொடங்காதீர்கள். அந்த வசனம் அவர்கள் பட்டதையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வதாகப் படும். அவருடைய கதையை முதலில் கேளுங்கள். நான் அக்காவோடு கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, உனக்குக் கல்யாணம் பேசின நேரம் என்ன நடந்தது என்று கேட்டேன். மீன் முடியும்வரை சொன்னார். கடைசியில் அவராகவே, "எனக்கு இவனத் தனிய விடப் பயமா இருக்குகா" என்றார். அதற்குப் பிறகுதான் பேசவே முடிந்தது: அவன் எங்கே வேலை செய்கிறான், காய்ச்சல் வந்தபோது யார் பார்த்தது, மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறான். பிள்ளையின் பாதுகாப்பைத் தாய் கண்ணால் காண வேண்டும். சும்மா "அவன் நல்லா இருப்பான்" என்றால் போதாது.

அத்தான் ஓய்வுபெற்ற கிராம சேவகர், கோயிலில் வண்ணக்கர், அதாவது நிருவாகப் பொறுப்பாளர். சபையில் தன் பெயர் என்னவாகும் என்பதுதான் அவருடைய நித்திரையைக் கெடுத்தது. இப்படியான ஆண்களிடம் உணர்ச்சியாகப் பேசினால் எழும்பிப் போய்விடுவார்கள். எழுத்தில் உள்ளதைக் கொடுங்கள், தனிய இருக்கும்போது கொடுங்கள், பதிலை எதிர்பார்க்காமல் கொடுங்கள். "இது வெள்ளைக்காரன்ட பழக்கம்" என்றார். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது சட்டம் என்று காட்டினேன். தன்பால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தவை. 1995இல் செய்த திருத்தம் அதைக் குறைக்காமல் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளை எடுப்பதற்கு வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. நிறைவேறும் முன்பே 2024இல் பாராளுமன்றம் கலைந்துவிட்டது.

அத்தானை அதிகம் யோசிக்க வைத்தது இந்தியாவில் நடந்த ஒரு விஷயம். ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இது விளங்கவில்லை என்பதை மறைக்காமல், ஓர் உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டு அறிந்த பிறகுதான் அவர் 2021 யூனில் உத்தரவு எழுதினார். இப்படியானவர்களை மாற்றுகிறோம் என்று செய்யும் வைத்தியத்தையும் தடுக்கச் சொன்னார். நீதிபதி ஒருவரே படித்துத்தான் விளங்கிக்கொண்டார் என்பது அத்தானுக்கு ஒரு மரியாதையான வழியைத் திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: "அவன்ட நடை, குரல் எல்லாம் ஆம்பிளை மாதிரித்தானே?" இந்தக் குழப்பம் ஊரில் நிறைய. எங்கள் பக்கம் கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடியவர்கள் ஆண்கள்தான். அவர்களை ஊரே தோளில் தூக்கியது, அவர்கள் பிள்ளை குட்டியோடு வாழ்ந்தார்கள். ஒருவர் எப்படி நடக்கிறார் என்பது வேறு, யார்மேல் மனம் போகிறது என்பது வேறு, தன்னை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா என்பது இன்னும் வேறு. அத்தானுக்குக் கூத்தைச் சொன்னதும் விளங்கியது.

"ஒரு கல்யாணத்தக் கட்டிவைச்சாச் சரிவரும்"

இது கட்டாயம் வரும். இதற்குப் பதில் முன்கூட்டியே உங்களிடம் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த நாளிலிருந்து கல் சேர்த்து, வெளிநாட்டில் வேலை செய்து, சீட்டுக் கட்டி, தாய் ஒரு வீட்டை எழுப்பி மகளுக்கு எழுதிவைக்கிறாள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். "அக்கா, உன்ர மகளுக்கு நீ கட்டின வீட்டில, மனமில்லாத ஒருத்தன் காலம் முழுக்கப் பொய்யா இருந்தா நீ பொறுப்பியா? இன்னொரு தாய்க்கு நாம அதச் செய்யலாமா?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. தரகருக்குக் கொடுத்த சாதகக் குறிப்பு மட்டும் பிறகு திரும்பி வந்தது. மகனுக்காகப் பேசியபோது இளகாத மனம், முகம் தெரியாத அந்தப் பெண் பிள்ளைக்காக இளகியது. எனக்கு இது பெரிய பாடம்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. கல்யாணம் கட்டாத ஆணுக்கு எங்கள் பக்கம் வீடே இல்லை. பிறந்த வீடு அக்கா தங்கைக்குப் போய்விடும், போக மனைவி வீடும் கிடையாது. ஆகவே சமாதானம் பேசுகிற நேரத்தில் காணிக் கதையையும் பேசுங்கள். ஒரு துண்டு வளவாவது அவன் பெயருக்குக் காணி உறுதி (பத்திரம்) எழுத முடியுமா என்று பாருங்கள். அம்மாவின் சோற்றுக் கேள்விக்கும் பாதிப் பதில் அதில் இருக்கிறது. பெண் பிள்ளை சொன்னால் நிலைமை தலைகீழ்: வீடு இருக்கும், ஆனால் "கட்டினாத்தான் வீடு" என்று பிடித்து வைப்பார்கள். அப்போது உறுதி எழுதும்வரை அவள் பொறுத்திருந்து பேசுவது தவறில்லை என்பது என் எண்ணம்.

இளசுகள்

இவர்கள் பக்கம் கவனமாக இருங்கள். கம்பஸ் போகிற மருமகள் ஒருத்தி உடனே விளங்கிக்கொண்டாள், கட்டிப்பிடித்தாள். அடுத்த நாள் ஆதரவாக ஒரு ஸ்டேட்டஸ் போட வெளிக்கிட்டாள். வேண்டாம் என்று நிற்பாட்டினேன். அன்பாகச் செய்தாலும் அது இன்னொருவரின் கதையை ஊருக்குத் திறந்துவிடுவது. மச்சான்மாரோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேலிப் படம் அனுப்புகிறவர்கள். தாத்தாக்களைவிட வாய் மோசம். குழுவில் வைத்துச் சண்டை பிடித்தால் ஏன் இவ்வளவு கோபம் என்று தேடத் தொடங்குவார்கள். தனியே எடுத்து, "எங்கட வீட்டிலயும் ஒரு பிள்ளை இருந்தா இதப் பாத்து என்ன நினைக்கும்?" என்று பொதுவாகச் சொல்லுங்கள், பெயர் இல்லாமல்.

செயலிகளில் ஆள் பழகிப் படம் வாங்கிக் காசு கேட்டு மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சட்டத்தைக் காட்டியே மிரட்டுவார்கள். பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்: முகம் தெரியும் படம் அனுப்ப வேண்டாம், முதல் சந்திப்பு ஆட்கள் நடமாடும் இடத்தில். மிரட்டல் வந்தால் காசு கொடுக்காமல் செய்திகளைச் சேமித்துக்கொண்டு உங்களிடம் வரட்டும். சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். பொலிசாரே தொந்தரவு செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. சட்டம் தண்டிப்பது செயலை. ஒருவரை விரும்புவது இந்த நாட்டில் குற்றமல்ல.

அத்தான் இன்னும் மகனிடம் இதைப் பற்றி நேரே பேசவில்லை. ஆனால் கோயிலின் வைகாசிச் சடங்குக்கு வரச் சொல்லி அவரே போன் எடுத்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தால் அதைப் பிடித்துக்கொண்டு "அப்ப ஓம் எண்டு சொல்லுங்க" என்று நெருக்காதீர்கள். சின்னச் சின்ன வேலைகளைப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவில் ஓடவிடுங்கள்: உரம் வாங்க, கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, மோட்டர் திருத்த.

பிள்ளையின் கூட்டாளி வீட்டுக்கு வருகிற நாள் வந்தால் முதல் தரம் பகல் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். சடங்கு, கல்யாணம் என்று ஊர் கூடுகிற நாளில் வேண்டாம். யார் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று முதலே பேசிவையுங்கள்; எங்கள் வீட்டில் "தம்பி" என்று வைத்தோம். சோற்றை அம்மாவே போடட்டும். இரவு தங்குவது பிறகு.