டெல்டாவில் ஒரு குத்துக்கல்: பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டா வண்டல் பூமி. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் கிணறு வெட்டினால் களியும் மணலும்தான் வரும், பாறை தட்டாது. அப்படிப்பட்ட ஊரில் வயலோரமாக ஆள் உயரக் குத்துக்கல் ஒன்று நின்றால், வேறெங்கிருந்தோ கொண்டுவந்து யாரோ நட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் 2006-ல் கிடைத்த வழவழப்பான கற்கோடரியும் அப்படி வெளியிலிருந்து வந்த கல்தான். அதனால் இங்கே எந்தக் கல்லும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

அதற்காகப் பார்த்த உடனே "3000 வருஷத்து நெடுங்கல்", அதாவது இறந்தவர் நினைவாக அந்தக் காலத்தில் நட்ட உயரமான ஒற்றைக் கல், என்று எழுதிவிடக் கூடாது. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். நெடுங்கல் போன்ற பெருங்கற்காலச் சின்னங்கள் புதுக்கோட்டை மேட்டு நிலத்தில், சித்தன்னவாசல் பக்கமெல்லாம், நிறைய உண்டு. நஞ்சை நடுவே நிற்கும் கல் வேறாகவும் இருக்கலாம். சிவன் கோயில் நிலத்துக்கு எல்லை காட்டிய, சூலம் பொறித்த சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்கான, சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சர்வே கல், உடைந்துபோன சுமைதாங்கியின் ஒற்றைக் கால் என்று பல வகை இருக்கிறது.

ஒரு வாய்க்கால் கரையில் நின்ற கல்லை நானும் நெடுங்கல் என்றே நோட்டில் எழுதிவிட்டேன். மாடு ஓட்டிவந்த பெரியவர், "தம்பி, இது மாடு உராயுற கல்லு. எங்க தாத்தா காலத்துலேயே இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது, விளிம்பில் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. அது ஆவுரிஞ்சு கல். மேய்ச்சலில் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளவென்றே நட்டது. அதன் பிறகு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்கிறேன்: கண்ணால் கண்டது, ஊரார் சொன்னது, நான் நினைப்பது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், பிறகு வருபவருக்கு எது எது என்று பிரிக்க முடியாது.

அடுத்தது உயரம். "கல்லின் உயரம் 4 அடி" என்று எழுதுவது தவறு. ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைப் போட்டுவிட்டுப் போகிறது, வாய்க்கால் தூர் வாரும் மண்ணையும் கரையில்தான் கொட்டுகிறார்கள். கல்லில் பாதி மண்ணுக்குள் இருக்கலாம். "இன்றைய தரைக்கு மேல் 4 அடி" என்று எழுதி, பக்கத்து வரப்பும் வாய்க்கால் தண்ணீர் மட்டமும் அதிலிருந்து எவ்வளவு மேலே, கீழே என்றும் அளந்து வையுங்கள்.

சரி, அடியில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தயவுசெய்து வேண்டாம். கல்லின் காலத்தைச் சொல்லக்கூடிய பானை ஓடும் மண் அடுக்கும் கல்லை நட்ட குழியில்தான் இருக்கும். ஒரு மண்வெட்டி போட்டாலே எல்லாம் கலைந்துவிடும். மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது.

எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது எல்லாமே கல்லைக் கெடுக்கும். மஞ்சளும் குங்குமமும் இருந்தால் அது ஒரு குடும்பத்தின் முனீஸ்வரன். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு அருகில் போங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் கோடு எதுவும் தெரியாது. காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயிலில் எடுங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் சூலத்தின் மூன்று முனையும் நிழல் கட்டி எழுந்து வரும்.

படத்தில் அளவுகோல் வைக்க மறக்காதீர்கள். நாலு பக்கமும் எடுங்கள், எந்தப் பக்கம் வடக்கு என்று குறியுங்கள். புல எண்ணோடு, அந்த வயலை ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

சம்பா அறுத்தாயிற்றே என்று தை மாதமே வயலில் இறங்கிவிடாதீர்கள். தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கும். உளுந்தும் எடுத்த பிறகு, சித்திரையில் போனால் நிலம் காய்ந்து கல்லின் அடிவரை தெரியும்.

அப்புறம், இடத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்கள் நம்மை முந்திக்கொள்வார்கள். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, பதிவின் ஒரு பிரதியை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.