கோடையில் வெளிநாட்டுச் சுற்றுலா: எந்த வாரம் கிளம்புவது?

மலேசியாவின் பினாங்கிலிருந்து ஐரோப்பா போக நினைக்கும் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஆடி மாதத்தைத்தான் குறிவைக்கின்றன. கல்யாணம் காட்சி இல்லை, உறவினர்களும் ஓய்வாக இருப்பார்கள் என்பது ஒரு காரணம். கோடை என்றால் ஜூலைதானே என்ற நினைப்பு இன்னொன்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வரும் நம் பள்ளி விடுமுறையே ஐரோப்பாவுக்கு மிகப் பொருத்தமான காலம். அக்கா குடும்பத்தோடு பாரிஸ், சுவிட்சர்லாந்தின் மலையூரான இன்டர்லாகன், ரோம் போய்வர நான் நாள் குறித்த முறையை அப்படியே கீழே தருகிறேன். பாஸ்போர்ட், காப்புறுதி, பெட்டி கட்டுவது எல்லாம் இதில் இல்லை.

படி 1: நம் நாட்களைக் குறியுங்கள்

கைப்பேசி நாட்காட்டியைவிடச் சுவரில் தொங்கும் காகித நாட்காட்டியே இதற்கு நல்லது. மூன்று மாதங்களை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை, பொது விடுமுறை, வேலையிடத்தில் கிடைக்கும் விடுப்பு மூன்றையும் மூன்று நிறத்தில் வட்டமிடுங்கள். 2026இல் ஹஜ்ஜுப் பெருநாளும் மே கடைசியில் வருகிறது. விடுமுறை தொடங்கும் வெள்ளி, சனிக்கிழமைகளில் டிக்கெட் விலை ஏறும். இரண்டு மூன்று நாள் தள்ளிக் கிளம்பினால் என்ன விலை என்பதை, விமானக் கட்டணங்களைத் தேடித் தரும் கூகுள் ஃப்ளைட்ஸ் தளத்தின் தேதிக் கட்டத்தில் பாருங்கள். மற்றத் தளங்களும் இருக்கின்றன, ஆனால் போகும் நாளையும் திரும்பும் நாளையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட எனக்குப் பிடித்தது இதுதான். பினாங்கு–கோலாலம்பூர் பயணத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

படி 2: வெளிச்சம் வேறு, வெயில் வேறு

நமக்கு ஆண்டு முழுவதும் ஏழரை மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். அதனால் வெளிச்சத்தை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. பாரிஸில் ஜூன் மாதச் சூரியன் இரவு பத்து மணியை நெருங்கித்தான் மறைகிறது. சாப்பிட்ட பிறகும் சேன் நதிக்கரையில் பகல் வெளிச்சத்தில் நடக்கலாம். நீண்ட பகல் ஜூன் 21ஐ ஒட்டி வருகிறது. ஜூன் முதல் தேதியில் போனாலும் அதில் அரைமணி நேரம்கூடக் குறையாது.

வெயில் உச்சம் தொடுவது அதற்கும் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து. பகல் குறையத் தொடங்கிய பிறகும் நிலமும் கடலும் சூடேறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது 2019 ஜூலை 25 அன்று. ஏதென்ஸின் அக்ரோபோலிஸை 2023 முதல் வெப்ப அலை நாட்களில் நண்பகல் நேரத்தில் மூடியிருக்கிறார்கள். "நாம் பார்க்காத வெயிலா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அங்கே பழைய விடுதிகள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது. இரவு ஒன்பது மணி வரை வெயில் அடித்த சுவருக்குள் பிள்ளைகளைத் தூங்க வைப்பது பெரும்பாடு. விடுதியைப் பதிவு செய்யும்போது குளிர்சாதனம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

ஆக, ஜூன் முதல் பாதியில் வெளிச்சம் ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும், வெயில் இன்னும் உச்சிக்குப் போயிருக்காது.

படி 3: அவர்களுடைய விடுமுறையைத் தேடுங்கள்

எனக்கு அதிக நேரம் எடுத்த படி இது. பலரும் இதைத் தொடுவதே இல்லை. நாம் விடுமுறையில் போகும் வாரம் அவர்களுக்கும் விடுமுறை என்றால் அறை விலை, ரயில் கூட்டம், வரிசை எல்லாம் சேர்ந்து ஏறிவிடும்.

பெரிய விடுமுறைகள் சுலபமாகத் தெரிந்துவிடும். பிரான்ஸில் ஜூலை தொடக்கம் முதல் ஆகஸ்ட் முடியும் வரை பள்ளி இல்லை. இங்கிலாந்தில் ஜூலை கடைசியில்தான் மூடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசியிலேயே மூடிவிடுகிறார்கள். எடின்பரோவுக்கு ஆகஸ்ட்டில் போவதாக இருந்தால் அங்கு நடக்கும் கலை விழாக்களையும் கணக்கில் வையுங்கள், அறை கிடைப்பதே கடினம். இத்தாலியில் ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ என்னும் பொது விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் ஊர்க்காரர்கள் நடத்தும் சிறு கடைகளும் உணவகங்களும் பல மூடியிருக்கும்.

சிக்கல் சிறிய விடுமுறைகளில்தான். நம் விடுமுறையின் முதல் வாரத்தில் அவை வந்து மோதுகின்றன. மே மாதத்தின் கடைசித் திங்கள் பிரிட்டனில் பொது விடுமுறை, அந்த வாரம் முழுதும் இங்கிலாந்துப் பள்ளிகளில் இடைவிடுமுறை. ஈஸ்டர் முடிந்து ஏழு வாரங்களில் பெந்தெகொஸ்தே என்னும் கிறிஸ்தவப் பெருநாள் வருகிறது. அதையொட்டி ஜெர்மனியின் பவேரியாவில் ஏறக்குறைய இரண்டு வாரம் பள்ளி இல்லை. அந்தக் குடும்பங்கள் பல காரிலேயே வட இத்தாலியின் ஏரிப் பக்கம் இறங்கிவிடுகின்றன. ஈஸ்டர் தேதி ஆண்டுதோறும் மாறுவதால் இதையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 2026இல் பெந்தெகொஸ்தே மே 24.

ரோமில் ஜூன் 2 குடியரசு நாள். கொலோசியத்தை ஒட்டிய சாலையில் ராணுவ அணிவகுப்பு நடக்கும். காலையில் அந்தப் பக்கம் நெருங்குவது சிரமம். அதனால்தான் ரோமைப் பயணத்தின் கடைசியில் வைத்தேன். விடுமுறையின் முதல் வாரத்தைப் பாரிஸ் போன்ற பெருநகருக்குக் கொடுத்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு மற்ற ஊர்களுக்குப் போவது நல்லது.

படி 4: மலையை நேரலையில் பாருங்கள்

ஜூன் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலையின் உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா போன்ற மலைக் கணவாய்ச் சாலைகள் அதற்குள் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. இன்டர்லாகன் பக்கத்திலிருந்து ரயிலில் யுங்ஃபிராவ்யோக் என்னும் உயர மலை நிலையத்துக்கு ஏறுபவர்களுக்கு இது தடையே இல்லை. பனி உருகும் காலம் என்பதால் அருகிலுள்ள லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அருவிகளில் நீர் நிறைந்து விழுவது நமக்கு லாபம். நீண்ட மலை நடைதான் நோக்கம் என்றால் மட்டும் ஜூலைக்குத் தள்ளுங்கள். மலை ரயில் நிறுவனங்கள் உச்சியிலிருந்து நேரலைக் கேமராக் காட்சிகளைத் தருகின்றன. வானிலைச் செயலிகளைவிட அவற்றையே நான் நம்புவேன்.

படி 5: பின்னோக்கி எண்ணுங்கள்

ஈஃபிள் கோபுர மின்தூக்கி டிக்கெட் 60 நாள் முன்னதாகவும், கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்னதாகவும் விற்பனைக்கு வரும். அந்தத் தேதிகளையும் அதே காகித நாட்காட்டியில் குறியுங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு, மலேசியர்களுக்கு விசா வேண்டாம். பிரிட்டனையும் சேர்த்தால் 2025 ஜனவரி முதல் இடிஏ என்னும் மின்னணு அனுமதி தேவை.

பிறகு சேர்த்தது

இதே விடுமுறையில் ஜப்பான் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மே கடைசி என்றால் தாராளமாகப் போகலாம். தோக்கியோ, கியோத்தோ பக்கம் ஜூன் முதல் வார வாக்கில் மழைக்காலம் தொடங்கி ஜூலை நடுப்பகுதி தாண்டியும் நீடிக்கும். ஜூனில்தான் முடியும் என்றால் வடக்குத் தீவான ஹொக்காய்டோவுக்குப் போங்கள், அந்த மழைக்காலம் அங்கே எட்டுவதில்லை. ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறை, ரயிலில் இடம் கிடைக்காது.

விமான டிக்கெட்டுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்க முடியாது என்று எழுதியவருக்கு: நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் பாருங்கள், அங்கே கோடை டிசம்பரில். நம் பள்ளி ஆண்டு 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. அங்குள்ள பள்ளிகள் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்புதான் மூடும். எனவே டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெர்த் நகரின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே என்பதால் சிறு பிள்ளைகளின் தூக்கமும் கெடாது.