கீழே கிடந்த காகிதம்: கண்டெடுத்துச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம், நீல மசி, சாய்ந்த கையெழுத்து. "பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். சாவி எதிர் வீட்டில். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன்." அவ்வளவுதான். யார் யாருக்கு எழுதியதோ தெரியாது. அன்று இரவு அதைப் பத்து தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் புத்தகத்தில் இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அப்போது குறித்து வைக்கவில்லை. சமையல் புத்தகமா, போட்டித் தேர்வு கைடா, பக்தி நூலா? அது தெரிந்திருந்தால் அந்த வீட்டு வாசல் வரையாவது போய் நின்றிருக்கலாம். அந்த வருத்தத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்காவது படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 1: ஒரே ஒரு வகையோடு தொடங்குங்கள்

தெருவில் கிடப்பதற்குக் குறைவே இல்லை. ஒற்றைக் கம்மல், கொலுசுத் திருகாணி, சட்டைப் பொத்தான், பூட்டில்லாத சாவி, சோடா மூடி. எல்லாவற்றையும் அள்ளினால் மூன்றே மாதத்தில் வீட்டில் மூட்டைதான் இருக்கும், சேகரிப்பு இருக்காது. என் பரிந்துரை காகிதம். இடம் அடைக்காது, காசு கேட்காது, அதில் எழுத்து இருக்கும். காகிதத்திலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கையால் எழுதியது மட்டும், அல்லது டிக்கெட் மட்டும், அல்லது மளிகை லிஸ்ட் மட்டும்.

மளிகை லிஸ்ட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். "து.பருப்பு 1, க.பருப்பு ½, சீயக்காய், ஊதுபத்தி, குழந்தைக்கு பிஸ்கட்" என்று ஒரு தாளில் இருந்தால், ஒரு குடும்பத்தின் ஒரு மாதம் அதற்குள் இருக்கிறது. லிஸ்ட்டின் கடைசி வரியைக் கவனியுங்கள். வேறு மையில், வேறு கையெழுத்தில் "சாக்லேட்" என்று சேர்த்திருக்கும்.

படி 2: எங்கே தேடுவது

முதலில் பழைய புத்தகக் கடைகள். சென்னையில் என்றால் பைகிராப்ட்ஸ் ரோடு என்று இன்னும் எல்லோரும் சொல்லும் பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் பக்கம். உங்கள் ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு கடையாவது இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறாதீர்கள். உள்ளே இருப்பது விழுந்துவிடும், எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் போய்விடும். பின்னட்டையிலிருந்து முன்னோக்கி மெதுவாகப் புரட்டுங்கள். படித்தவர் பாதியில் நிறுத்திய இடத்தில்தான் பெரும்பாலும் ஏதாவது சொருகியிருக்கும்: பஸ் டிக்கெட், விபூதிப் பொட்டலம், அரசிலை, மயிலிறகு. அப்படிக் கிடைத்தால் அந்தப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சீட்டை மட்டும் உருவிக்கொண்டு புத்தகத்தைத் திரும்ப வைப்பது கடைக்காரருக்கும் நியாயமில்லை, சீட்டுக்கும் நியாயமில்லை.

அடுத்தது பொட்டலம். கடற்கரைச் சுண்டலும் வேர்க்கடலையும் இன்னும் பல இடங்களில் எழுதிய தாளில்தான் வருகின்றன. பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், அலுவலகப் பேரேடு, யாரோ போட்ட வீட்டுக் கணக்கு. எண்ணெய் பட்ட தாளை முழுதாக மீட்க முடியாது. அதனால் பொட்டலம் மடிக்கும் முன்பே, "அண்ணே, அந்தக் கட்டிலிருந்து மடிக்காத தாள் ஒன்று தாங்க" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டு ஒருவர்கூட மறுத்ததில்லை. ஒருவர் கட்டையே நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பழைய பேப்பர் கடைக்கு ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். பள்ளிக்கூடம் முடிந்து நோட்டுகள் எடைக்கு வரும் நேரம். நோட்டின் கடைசிப் பக்கம்தான் புதையல்: பேனா எழுதுகிறதா என்று கிறுக்கியது, பூஜ்யம்-பெருக்கல் ஆட்டம், பக்கத்து பெஞ்சோடு எழுத்திலேயே நடந்த பேச்சு. கடைக்காரர் எடைக்கு வாங்கும் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அவருடைய பிழைப்பு அது. அடுத்த முறை உங்களுக்காக எடுத்து வைப்பார்.

பஸ், ரயில் டிக்கெட்டுகளுக்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை, காலடியிலேயே கிடக்கும்.

ஜெராக்ஸ் கடைக் குப்பைத் தொட்டியை மட்டும் தொடாதீர்கள். அதில் பாதி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும். அடுத்தவருடைய அடையாளம் அது, சேகரிக்கும் பொருள் அல்ல.

படி 3: எடுக்கக் கூடாதவை

எறிந்ததும் தொலைந்ததும் ஒன்றல்ல. கசங்கிய லிஸ்ட் எறிந்தது. மடிப்புக் கலையாத மருத்துவ ரிப்போர்ட் தொலைந்தது. சான்றிதழ், அடையாள அட்டை, பணப்பை, நகை, சாவிக்கொத்து, பூர்த்தியாகாத விண்ணப்பம் எல்லாம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டியவை. பஸ்ஸில் கிடைத்தால் நடத்துநரிடம், ரயிலில் கிடைத்தால் நிலைய அதிகாரியிடம், தெருவில் கிடைத்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்து வைத்துக்கொள்பவருக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய அதே பொறுப்பு உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆவது பிரிவு.

மண்ணுக்குள்ளிருந்து பழைய நாணயமோ செம்போ கிடைத்தால் கதையே வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடி கடற்கரைகளில் பவளத் துண்டு அழகாகக் கிடக்கும். அதையும் எடுக்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழம், உடைத்த பூசணி, கறுப்புக் கயிறு இவற்றில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கை வைக்க வேண்டாம். அங்கே வைத்தவருக்கு அது அங்கேயே இருக்க வேண்டும்.

படி 4: அந்த இடத்திலேயே குறியுங்கள்

ஒரு சட்டைப்பை நோட்டும் பென்சிலும் எப்போதும் கையோடு இருக்கட்டும். ஒரு பொருள் கிடைத்தவுடன் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: வரிசை எண், நாள், நேரம், இடம், எப்படிக் கிடந்தது. "வீட்டுக்குப் போய் எழுதலாம்" என்று விட்டால் முதல் நாளே இரண்டு சீட்டு ஒன்றோடொன்று குழம்பிப் போகும்.

இடம் என்றால் "தாம்பரம்" என்று மட்டும் எழுதினால் போதாது. என் நோட்டிலிருந்து ஒன்றைக் காட்டுகிறேன்:

"எண் 212. வியாழன், காலை 7.40. தாம்பரம் ரயில் நிலையம், மேம்பாலப் படிக்கட்டு, மேலிருந்து மூன்றாவது படி. நான்காக மடித்தது, ஒரு முனை ஈரம். இரவு மழை பெய்திருந்தது. பக்கத்தில் உதிர்ந்த மல்லிகை. தாள்: கோடு போட்ட நோட்டு, கிழித்த ஓரம் இடப்பக்கம்."

அந்தத் தாளில் இருந்தது வெறும் கூட்டல் கணக்கு. ஏழு தொகை, கீழே மொத்தம், அதை அடித்துவிட்டு வேறொரு மொத்தம். இந்தக் குறிப்பு இல்லாமல் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. குறிப்போடு பார்த்தால், வேலைக்கு ஓடும் நேரத்தில் படியேறிக்கொண்டே இன்னொரு முறை கூட்டிப் பார்த்த ஒருவர் கண்முன் வருகிறார். பழைய பேப்பர் பஸ் டிக்கெட்டுகளில் விலையும் வரிசை எண்ணும்தான் இருக்கும், பெரும்பாலும் தேதி இருக்காது. நீங்கள் எழுதுவதுதான் அதற்குத் தேதி.

எடுப்பதற்கு முன் கிடக்கும் நிலையிலேயே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கத்தையும், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, இன்னொரு முறை எடுங்கள். இப்போது வரும் மெஷின் டிக்கெட்டுக்கும் கடை பில்லுக்கும் இது கட்டாயம். அவை வெப்பத்தில் எழுத்து வரும் தாள்கள். வெயில், சூடு, எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் எழுத்து மங்கி, கடைசியில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும்.

படி 5: சுத்தம் செய்வது

ஈரத் தாளை வெயிலில் காயப் போடாதீர்கள், சுருண்டு முறுகிவிடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, நிழலில், மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் போதும். காய்ந்த மண்ணை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஸ்டேப்ளர் பின்னையும் குண்டூசியையும் கழற்றிவிடுங்கள், நம் ஊர்க் காற்றில் துரு பிடித்துத் தாளையே தின்றுவிடும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும். செல்லோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகிப் பிசினாகி எழுத்தைக் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய தாளை அதற்குப் பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

படி 6: காலத்தைக் கண்டுபிடிப்பது

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது இதுதான். தேதியில்லாத தாளும் தன் வயதை எங்காவது சொல்லிவிடும்.

விலையைப் பாருங்கள். ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) என மூன்று பத்தியாகக் கணக்கு இருந்தால் அது அநேகமாக 1957 ஏப்ரல் 1க்கு முந்தியது. அன்றுதான் ரூபாய்க்கு நூறு பைசா என்ற முறை வந்தது. "ந.பை." என்று இருந்தால் நயா பைசா. 1964 ஜூனில் "நயா" போய்விட்டது, ஆகவே இடைப்பட்ட ஏழு வருடம்.

முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதற்கு முன் மயிலாப்பூர் வெறும் "சென்னை-4", பின்னால் 600 004. ஆனால் பின்கோடு வந்த பிறகும் பலர் வெகுகாலம் "சென்னை-4" என்றே எழுதினார்கள். எனவே பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது என்பது உறுதி. இல்லாவிட்டால் எதுவும் உறுதியில்லை. ஆங்கில லெட்டர்ஹெட் தாளில் "மெட்ராஸ்" என்றிருப்பதும் அப்படித்தான். பெயர் மாறியது 1996இல், அச்சடித்து மிஞ்சிய தாளை அதற்குப் பிறகும் பயன்படுத்தியிருப்பார்கள்.

எழுத்தைப் பாருங்கள். அச்சில் லை, னை, ணை யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருந்தால், றா, னா, ணா கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்துச் சேர்ந்திருந்தால், அது பழைய வடிவம். தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. பெரியார் தம் இதழில் 1935இலேயே புதிய வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார், அதனால் அவர் இயக்க வெளியீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கையெழுத்தும் அப்படியே. என் அத்தை இன்றுவரை பழைய லை-தான் போடுகிறார்.

இரண்டு தடயமாவது ஒத்துப்போனால்தான் ஆண்டைப் பென்சிலால் குறிப்பேன். ஒன்றுதான் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி.

படி 7: வைப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெள்ளைக் காகித உறை, மேலே எண், உள்ளே குறிப்பு. உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு தாளை உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் பென்சில் அழுத்தம் தாளில் பதியும். உறைகள் அட்டைப் பெட்டிக்குள், பெட்டி அலமாரியின் நடுத்தட்டில். தரையில் வைத்தால் கரையான், பரணில் வைத்தால் சூடு. செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பையைத் தூக்கிப் போடாமல் உள்ளே போடுங்கள். கூடவே துணியில் முடிந்த வசம்பு. அந்துருண்டை நெடி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பூச்சியைத் துரத்த அதைவிட நல்ல மருந்து இல்லை.

யாருக்காவது காட்டும்போது பெயர், போன் எண், முகவரி, முகம் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். கடிதம் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். காதல் கடிதம் மூன்று என் பெட்டியில் இருக்கின்றன, யாருக்கும் காட்டியதில்லை.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள். சைன்போர்டு எழுதியவர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே வைத்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ்நாட்டின் அன்றாட வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குத்தான் போகிறார்கள்.

எப்போது தொடங்கலாம்

இன்றைக்கே, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பின்னட்டையிலிருந்து புரட்டி. ஆனால் வருடத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: போகி. நம் ஊரில் பெட்டி பெட்டியாகக் காகிதம் வெளியே வரும் நாள் அது, விடிவதற்குள் எரிந்தும் போய்விடும். அன்று காலை போனால் சாம்பல்தான். ஒரு வாரம் முன்பே தெருவில் தெரிந்த வீடுகளில் சொல்லி வையுங்கள்: "அக்கா, பழைய நோட்டு, கடிதம், டைரி எதுவும் இருந்தா நெருப்புல போடாதீங்க, நான் வந்து வாங்கிக்கறேன்." போன தை பிறக்கும் முன் மூன்றாவது வீட்டுப் பாட்டி ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்தார். 1960களின் பால் கணக்கு, சொட்டுகூட விடாமல். எண் 340 முதல் 371 வரை அதுதான், இன்னும் குறித்து முடியவில்லை.