கண்மாய் மீன்பாசிக் கணக்கில் நேரும் தவறுகள்

செட்டிநாட்டுக் கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) கேட்போர், கெண்டைக்கு இவ்வளவு, ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) இவ்வளவு எனத் தனித்தனியே மதிப்பிட்டுக் கடைசியில் கூட்டிவிடுவது வழக்கம். ஒரே நீரில் ஒரே இரைக்குப் போட்டியிடும் மீன்களுக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது.

எளிய கணக்காக, இரண்டு இன மீன்களில் ஒவ்வொன்றும் தனியே இருந்தால் 1000 கிலோ வரை பெருகும் என்றும், நெருக்கடி இல்லாதபோது ஆண்டுக்கு 100 சதவீத வேகத்தில் வளரும் என்றும் கொள்வோம். இடம் நிரம்ப நிரம்ப வேகம் குறையும்; பாதி நிரம்பினால் வேகமும் பாதி. எனவே தனித்திருக்கையில் நீரிலுள்ள மீன் இருப்பை 500 கிலோவில் நிறுத்தி ஆண்டுதோறும் 250 கிலோ எடுக்கலாம். ஒன்றின் ஒரு கிலோ மற்றதன் அரைக் கிலோவுக்கான இடத்தைப் பிடிக்குமானால், ஒவ்வொன்றும் சுமார் 333 கிலோ இருக்கும்போதே பாதி இடம் நிரம்பிவிடும்; இரண்டையும் சமமாகப் பிடிக்கையில் நீடித்துக் கிடைப்பது இனத்துக்குச் சுமார் 167 கிலோதான். மொத்தம் 333, 500 அன்று. ஐந்நூறை நம்பி ஏலத்தை ஏற்றியவர், போட்ட பணத்தை மீட்க இருப்பிலேயே கை வைக்கிறார்.

சந்தை விலையை மட்டும் பார்ப்பது இதனினும் நுட்பமான தவறு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, தேங்கிய நீரிலேயே சில மாதங்களில் இனப்பெருக்கம் செய்து, நெரிசலில் சிறுத்துப் போகிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் அந்நீரில் முட்டையிடாததால் அவற்றின் குஞ்சுகளைக் காசு கொடுத்தே விட வேண்டியிருக்கிறது. கூலிக்குக் கட்டாது என்று பொடி ஜிலேபியை மீண்டும் நீரில் விடுபவர், தாம் வாங்கிவிட்ட குஞ்சுகளின் இரையைத் தாமே பறிக்கிறார். ஜிலேபியைப் பிடிப்பதன் வரவு என்பது அதன் விலையோடு, அது விட்டுச்செல்லும் இரையால் மற்ற மீன்களில் ஏறும் எடையின் மதிப்பும் சேர்ந்ததே. ஆகவே ஓரளவு நட்டத்தில் பிடிப்பதும் இலாபமாக முடியலாம். (விராலின் கதை நேர்மாறு: நல்ல விலைக்காக அதை முழுதும் வாரிவிட்டால், ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்ன ஆளிருக்காது.)

ஒரே வலையை எல்லா மீனுக்கும் வீசினால் மெல்ல வளரும் இனம் முதலில் தேய்கிறது. காலியான இடத்தைப் போட்டி இனம் நிரப்புவதால் மொத்த எடை குறையாமல் தெரியும். இனவாரியாக எடை குறிக்காத கணக்குப் புத்தகத்தில் இந்த இழப்பு அகப்படாது.

உரிமையாளர் இல்லாத மீன்வளத்தில் இலாபம் தீரும்வரை பிடிப்பு பெருகும் என்று 1954-இல் பொருளியலாளர் ஸ்காட் கோர்டன் விளக்கினார். குத்தகை அதைத் தடுக்கக்கூடியதே. ஆயினும் ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டின் மீன் தம்முடையதன்று. கண்மாய் அடியோடு வற்றி, ஊரே ஊத்தாவுடன் (மீன் பிடிக்கும் கூடை) இறங்கும் ஆண்டில் இருப்பைக் காக்கும் கேள்வியே எழாது; மடையோரப் பள்ளத்தில் நீர் தங்கும் ஆண்டுகளுக்கே இவையெல்லாம் பொருந்தும்.