‘ரிப்பீட்’ என்று தட்டுவதற்கு முன்னால்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை வாங்கும் பையருக்கும் தைக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக, எனக்கு இது 17ஆவது வருஷம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் டெக் பேக் (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய தாள்) படிக்கவும் ஷிப்மென்ட் தேதிக்குக் கணக்குப் போடவும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். பையருக்கு மெயில் எழுதச் சொன்னால்தான் திணறுகிறார்கள். அதிலும் ‘ரிப்பீட்’ என்கிற ஒரே சொல்லை வைத்து ஏழெட்டு விஷயத்தைச் சொல்லப் பார்ப்பார்கள். நானும் அப்படி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

ஒரு நேவி ப்ளூ. லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி, மூன்று ஆப்ஷன் அனுப்பியிருந்தோம். நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றுமே சிவப்படிக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். உடனே ‘வீ வில் ரிப்பீட் த லேப் டிப்’ என்று பதில் போட்டேன். என் மனதில் இருந்தது ‘மறுக்காப் போட்டு அனுப்பறோமுங்க’ என்பதுதான். பையரம்மாவிடமிருந்து ஒரே வரி வந்தது: வேண்டாம் என்று சொன்ன நிறத்தையே எதற்கு இன்னொரு தரம் அனுப்புகிறீர்கள்?

அவர் கேட்டது நியாயம். நம்முடைய ‘மறுக்கா’வுக்குள் திருத்தமும் அடங்கும். தோசை தீய்ந்துவிட்டால் மறுக்கா ஊற்றுகிறோம், தீய்ந்ததையே ஊற்றுவதில்லை. ‘ரிப்பீட்’ அப்படியில்லை. முன்னால் எப்படியோ இப்போதும் அப்படியே என்று அது வாக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே திருத்தி அனுப்பும்போது ‘ரீசப்மிட்’. செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தால் ‘ரீடூ’. இன்னொரு மில் கொடுத்த துணியின் ஹேண்ட் ஃபீலை, அதாவது தொட்டால் தெரிகிற தன்மையை, நாம் அச்சு அசலாகக் கொண்டுவர வேண்டுமென்றால் ‘ரெப்ளிகேட்’.

இந்த ‘அப்படியே’ எங்கள் தொழிலில் பணம் சம்பந்தப்பட்டது. ரிப்பீட் ஆர்டர் என்றால் ஃப்ளோரில் எல்லோருக்கும் முகம் மலரும். பேட்டர்ன் இருக்கிறது, ட்ரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) தெரியும், லைன் பழகிவிட்டது. ஒருமுறை கட்டிங் மாஸ்டர் வந்து, “ஏனுங்க சார், ரிப்பீட்டுன்னா பழைய பேட்டர்ன்லயே வெட்டிறலாமுங்களா?” என்று கேட்டார். நான் போனில் இருந்தேன், தலையை ஆட்டினேன். புது டெக் பேக்கில் பாடி லெங்க்த் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. வெட்டி முடித்த பிறகு துணியை நீட்டவா முடியும்? அன்றைக்குப் பிடித்த பழக்கம்: ஆர்டர் ஷீட்டின் தலைப்பிலேயே ‘ரிப்பீட், நோ சேஞ்ச்’ அல்லது ‘ரிப்பீட் வித் சேஞ்சஸ்’ என்று எழுதிவிடுவேன். இரண்டாவது என்றால் என்னென்ன மாற்றம் என்பது அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும். வெறும் ‘ரிப்பீட்’ என்று எழுதிய ஷீட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அடுத்தது பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம். ‘த ப்ராப்ளம் இஸ் ரிப்பீட்டிங்’ என்று எழுதுவார்கள். இதைச் சரி பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ரிப்பீட் பண்றோம்’ என்று வந்தால், அதாவது ஒருவர் வேண்டுமென்றே செய்தால், ரிப்பீட் சரி. ‘ரிப்பீட் ஆகுது’ என்று வந்தால், அதுவாக வருகிறது என்றால், பெரும்பாலும் ‘ரெகர்’தான் சரியான சொல். ஊசி ஓட்டை, நீடில் லைன் (ஊசிப் பழுதால் துணியில் நீளவாக்கில் விழும் கோடு), ஷேட் வேரியேஷன் (நிற வேறுபாடு) எல்லாம் ரெகர் ஆகிறவை. மாதாமாதம் தானாகப் பிடித்தமாகும் ஆர்டியில் இருக்கிற ‘ரெகரிங்’ இதே சொல்தான். ‘ரெகர்’ வாயில் நுழையாவிட்டால் ‘இட் ஹேப்பன்ட் அகெய்ன்’ போதும். யாரும் மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

‘ரிப்பீட் அகெய்ன்’ வேண்டாம். ‘ரிப்பீட்’டின் முன்னால் நிற்கிற ‘ரீ’யே மறுபடி என்றுதான் சொல்கிறது. மூன்றாவது தடவையாகச் செய்கிறபோது மட்டும் ‘அகெய்ன்’ சேர்த்தால் பொருள் உண்டு. ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிவர்ட் பேக்’ இரண்டுக்கும் இதே வைத்தியம். ‘ரிவர்ட்’டையே விட்டுவிடுவது இன்னும் நல்லது. நம் ஊர் ஆபீஸ்களில் அதற்குப் பதில் அனுப்பு என்று பொருள் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் பலருக்கு அது பழைய நிலைக்கே திரும்புவது. ‘ரிப்ளை’ என்று எழுதினால் தகராறே இல்லை.

‘ரெயிட்டரேட்’ எனக்குப் பிடிக்காது. விலையைக் குறைக்க மாட்டோம் என்று ஒருமுறை சொல்லி, அதிலேயே உறுதியாக நிற்கிறபோது பொருந்தும். லேபிள் எப்போது வரும் என்று கேட்கிற மெயிலில் போட்டால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அங்கே ‘அ ஜென்டில் ரிமைண்டர்’ போதும். சொன்னதையே வேறு சொற்களில் விளக்குவது ‘ரீஸ்டேட்’. பையருக்குப் புரியவில்லை என்று தெரிந்த பிறகு எழுதுவது.

போனில் காது கேட்கவில்லை என்றால் ‘ரிப்பீட்!’ என்று கத்துகிறார்கள். அதட்டுவது போலிருக்கும். ‘குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேளுங்கள். விமானிகளுக்கே ரேடியோவில் ‘சே அகெய்ன்’ என்பதுதான் விதி. பீரங்கிப் படையில் ‘ரிப்பீட்’ என்றால் அதே இலக்கில் திரும்பவும் சுடு என்று அர்த்தமாம். பையரோடு பேசும்போது சிலசமயம் இதுவும் நினைவுக்கு வரும்.

‘ரிப்பீட்’டை விட்டால் வேறு சொல்லே கிடையாது என்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரைப் துணி. ஒரு நிறக் கோடு தொடங்குகிற இடத்திலிருந்து அதே வரிசை மறுபடி தொடங்குகிற இடம்வரை உள்ள நீளம்தான் ரிப்பீட். அளக்கும்போது வெள்ளைக் கோட்டின் மேல்விளிம்பில் ஸ்கேலை வைத்தால் அடுத்த வெள்ளைக் கோட்டின் மேல்விளிம்பில்தான் முடிக்க வேண்டும். கீழ்விளிம்பில் முடித்தால் ஒரு கோட்டின் அகலம் கூடிவிடும். ஒரே வரிசைக்குள் வெள்ளை இரண்டு தரம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 90 ஃபீடர் (நூல் உள்ளே போகிற இடம்) உள்ள சிங்கிள் ஜெர்ஸி மெஷின், இன்ச்சுக்கு 45 கோர்ஸ் (பின்னல் வரிசை) என்றால், ஒரு சுற்றில் ஃபீடருக்கு ஒரு கோர்ஸ்தான் என்பதால் ஃபீடர் ஸ்ட்ரைப்பில் 2 இன்ச் ரிப்பீட்டுக்கு மேல் போக முடியாது. பையர் 4 இன்ச் கேட்டால் நடுவிலேயே நூலின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்ட்ரைப்பருக்குத்தான் போக வேண்டும், விலையும் வேறு. இதை எழுதும்போது ‘த ஸ்ட்ரைப் ரிப்பீட்ஸ் எவ்ரி டூ இன்ச்சஸ்’ என்று தாராளமாக எழுதலாம். ‘ஆகுது’ என்று வந்தாலும் இங்கே ‘ரெகர்’ போடாதீர்கள். நிட்டிங் மாஸ்டருக்கும் புரியாது, பையருக்கும் புரியாது.