115200 வேகத்தில் எழுத்து தொலையாமல் இருக்க

வெள்ளவத்தை வீட்டில் நான் கட்டிய இசட்80 செயலிக் கணினியின் சீரியல் போர்ட்டுக்கு (பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பெறும் இணைப்பு) 68பி50 சிப். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைத்தது. தரவுத்தாளில் அதன் கடிகார வரம்பு 1.5 மெகாஹெர்ட்ஸ்தான். நான் 7.3728 கொடுத்தேன், சிப் அதை 64ஆல் வகுத்தால் சரியாக நொடிக்கு 115200 பிட். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வேகம், ஆனாலும் சிப் சளைக்கவில்லை.

கையால் தட்டினால் எல்லாம் சரி. நீளமான பேசிக் மொழி நிரலை டெர்மினல் மென்பொருளில் ஒட்டினால்தான் நடுவில் எழுத்துகள் காணாமல் போயின. இரண்டு இரவு சிப்பையே சந்தேகித்தேன். 87 மைக்ரோசெக்கனுக்கு ஓர் எழுத்து, அதாவது 640 கடிகாரத் துடிப்பு. எழுத்து வந்ததும் செயலியை இடைமறிக்கும் இன்டரப்ட் அதை எடுத்து வைக்க அந்த நேரம் தாராளம். ஆனால் பேசிக் ஒரு வரியை அலசி முடிப்பதற்குள் வரும் எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் என் 64 பைட் பஃபர் நிரம்பி வழிந்தது. கோளாறு அங்கேதான்.

சிப்பின் ஆர்டிஎஸ் காலை (அனுப்பலாமா, நிறுத்தவா என்று சொல்வது) எழுத்துகளை அனுப்பும் யூஎஸ்பி அடாப்டரின் சிடிஎஸ்ஸோடு (அதைக் கேட்பது) கம்பி போட்டுப் பற்றவைத்தேன். பஃபரில் 48 சேர்ந்ததும் கட்டுப்பாட்டுப் பதிவேட்டின் 6ஆம் பிட் 1, 5ஆம் பிட் 0, ஆர்டிஎஸ் உயரும், அதாவது நிறுத்து. பஃபர் காலியாகி வந்ததும் இரண்டும் 0, மீண்டும் அனுப்பலாம். அறுபத்துநாலு வரை காத்திருக்கவே கூடாது, நிறுத்தச் சொன்ன பிறகும் அடாப்டர் சில எழுத்துகளை அனுப்பிவிடும். அப்புறம், டெர்மினல் மென்பொருளிலும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கட்டுப்பாட்டை இயக்கி வையுங்கள்.

அன்று இரவே முழு நிரலும் ஓர் எழுத்துக் குறையாமல் இறங்கியது.